தோல் போன கை

வெளிமாநிலத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு உதவியாள் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றவன் நான். அங்கே நயோபியம் என்ற உலோகத்தில், வரிசையாக உப்பிய குழாய் போல ஒன்று செய்வார்கள். கேவிட்டி என்று பெயர். கடுங்குளிரில் வைத்தால் அதில் மின்சாரம் ஏறக்குறையத் தடையே இல்லாமல் ஓடி, அணுவைவிடச் சிறிய துகள்களை வேகமாகத் தள்ளும். உள்ளே ஒரு தூசி விழுந்தால் போதும், பொறி கிளம்பி எல்லாம் வீண். அதனால் அதன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் அறைக்குள் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு போவோம். கையை வேகமாக அசைக்கக் கூடாது. தோலில் புண் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். உரியும் தோலும் தூசிதான்.

இரண்டு வருடம் மாதிரியில் நட்டு முடுக்கிப் பழகிய பிறகு, முதல் முறையாக நிஜக் கேவிட்டியைப் பூட்ட என்னைச் சேர்த்திருந்தார்கள். அதற்குமுன் கிடைத்த லீவில் மிளகு பறிக்கக் கொல்லிமலையில் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். கீறல் விழுமோ என்று கையுறை போட்டுக்கொண்டுதான் கொடியைத் தொட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின காலை, காயப்போட்ட மிளகைக் கோழி கிளறிவிட்டது. அதற்காக அண்ணன் அண்ணியை மூங்கில் தடியால் அடித்தான். முதல் அடி முதுகில். இரண்டாவது காதில், ரத்தம் கழுத்தில் இறங்கியது. நான் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன்.

"உடுண்ணா," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அண்ணன் சிரித்தான். "கையப் பொத்தி வெச்சுக்க சாமி. நாளைக்கு ஏனம் கழுவப் போகோணுமல்ல?" என் வேலையைப் பாத்திரம் கழுவுவது என்றுதான் சொல்வான்.

"நீங்க உள்ள போங்க தம்பி," என்றாள் அண்ணி, தரையில் கிடந்தபடி. அதற்குள் மூன்றாவது அடி. அவள் முழங்கை முறிந்த சத்தம் கேட்டது.

அப்புறம்தான் என் கை வெளியே வந்தது. அவன் வாயில் குத்தினேன். உடைந்த பல் என் விரல் முட்டியில் ஏறியது. என் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு விடவில்லை. இழுத்தேன், தோல் அவன் வாயோடு போனது. விழுந்தவன் மேல் உட்கார்ந்து அடித்தேன். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஒடிந்த கையோடு அண்ணிதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போதுமுங்க தம்பி, செத்துருவாரு."

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவள் பிறந்தவீட்டார் வந்தபின் ரயில் ஏறினேன்.

எங்கள் இன்ஜினியர் தமிழ்க்காரர். கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். பல் தடத்தைப் பார்த்துவிட்டு, "நாயா?" என்றார்.

"அண்ணனுங்க."

பட்டியலில் என் பெயரை அடித்தார்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் இடத்தில் வேறொருவர் நட்டுகளை ஒவ்வொன்றாக, மெல்ல முடுக்கினார். நன்றாகவே செய்தார். எனக்கு வருத்தமில்லை என்றால் பொய். ஆனால் அண்ணியின் முழங்கை இன்றும் முழுதாக மடங்குவதில்லை. முதல் அடிக்கே நான் கையை வெளியே எடுத்திருந்தால் மடங்கியிருக்கும்.