மிளகாய் இல்லாத விருந்து

தாம் பல்லவர் காலத்தில் பிறந்திருக்க வேண்டியவர் என்று எங்கள் மாமாவுக்கு நினைப்பு. அம்மாவின் தம்பி அவர். ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் வீட்டோடு இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினார். ஊரார் வேடியப்பன் என்று கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிற நடுகல்லுக்கு எதிரில் உட்கார்ந்து, அதிலிருக்கிற வீரன் என்ன சாப்பிட்டிருப்பான், தண்ணீரை எதில் கொண்டுபோயிருப்பான் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசிப்பார். யோசித்ததோடு விட்டிருந்தால் வம்பில்லை. செய்தும் பார்ப்பார்.

அவர் சமையலில் மிளகாய் கிடையாது. அது பிற்காலத்தில் கப்பலில் வந்த சரக்காம். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் அதே தண்டனை. மிளகு, சுக்கு, புளி, நல்லெண்ணெய் போட்டு மண்சட்டியில் கறி. தொட்டுக்கொள்ளச் சாமைச் சோறு என்றுதான் சொல்ல வேண்டும், கறி அவ்வளவு இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, அந்த வாசனைக்கு விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வருவேன்.

தோல் வேலைதான் வீட்டில் யாருக்கும் ஆகவில்லை. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துவார். கொல்லைப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நானும் மாமாவும் மட்டும் போட்டி போட்டுக்கொண்டு பட்டை இடிப்போம்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஒரு பெண் அமைந்தது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வருகிறவர்களுக்குப் பிடித்திருந்தால்தான் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் விருந்து தன் கையால்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“அவங்க கை நனைக்காம போய்ட்டா, அப்புறம் நீ அந்தத் தோலோட குடித்தனம் பண்ணு,” என்றாள் அம்மா.

“இந்த வாசனைக்கு யாருக்கா எழுந்து போவாங்க? நீ எலய போடு.”

வந்தவர்களுக்கு வீடு பிடித்தது, நிலம் பிடித்தது. பெண்ணின் அப்பா இரண்டு தரம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இலையில் சோறும் கறியும் விழுந்தன. மாமா தாம் செய்த தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு தம்ளராகத் தண்ணீர் சாய்த்தார்.

“இது இன்னா தோலுங்க?” என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

“ஆட்டுத்தோலுங்க.”

“யாரு பதம் போட்டது?”

“நான்தாங்க. மயிர் சுரண்டுறதுலருந்து தையல் வரைக்கும் எல்லாம் என் கைதாங்க!” மாமா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். “வாத்தியார்னுதான சொன்னாங்க, தோல் தொடுற கைன்னு யாரும் சொல்லலியே,” என்று வாசலில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. அம்மா அழுதாள். மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கறுப்பாக இருந்த கறியைப் பார்த்து, மிளகாய் வாங்கக்கூட வக்கில்லாத வீடு என்று நினைத்துவிட்டார்கள். அடுப்படியில் இருந்த காய்ந்த மிளகாயை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். பெண்ணின் பெரியம்மா கடைசியில் நின்றிருந்தாள்.

“எங்க வூட்டுல மொளகா இருக்குது பெரிம்மா, பாருங்க. வந்து சாப்புடுங்க.”

“அய்யே, கண்ணு! இதுக்கா இம்மாந்தூரம் ஓடியாந்த?” என்று சிரித்து, மிளகாய் சிந்தச் சிந்த என் கையைப் பிடித்தவள், உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள். “இன்னாடி இது, இவ்ளோ கறை?”

“ஆவாரம்பட்டை. மாமா தோலுக்கு நான்தான் இடிச்சேன்,” என்றேன், மாமாவைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி.

சட்டென்று என் கையை விட்டாள். தன் கையை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

“மொளகா பட்ட கை, கண்ணுல வச்சிடாதீங்க பெரிம்மா. எரியும்,” என்றேன்.