திரைக்குப் பின்னால் இருந்து வாங்கிய கார்

சென்ற கிழமை ஒரு மனிதர் எங்கள் வீட்டு ஜன்னல் திரையிடம் கார் விற்றுக்கொண்டிருந்தார்.

மிகையே இல்லை. நீலப் பூப்போட்ட திரை. இந்தப் பக்கம் கதிரையில் நான். அந்தப் பக்கம் வெயிலில் அவர். "தாத்தே, இது நல்ல கார். ஒரே ஆள் ஓடினது. டொக்டர் ஒராள்" என்று திரையைப் பார்த்து உரத்துச் சொன்னார். இலங்கையில் விலைக்கு வரும் எல்லாப் பழைய காரையும் ஒரு டொக்டர்தான் ஓடியிருக்கிறார்... கவனித்திருக்கிறீர்களா?

சில கிழமைகளாகப் பத்திரிகையின் இந்த இடத்தில் என்னைக் காணாமல் தேடியவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் மௌத்தாகிவிட்டார். நான் இத்தாவில் இருக்கிறேன் — கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம். அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. எங்கள் குடும்பத்தில் குரல்கூட வெளியே கேட்கக் கூடாது என்பார்கள். சட்டம் அப்படியா என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள். எனக்கும் யாரோடும் கதைக்க ஆசையில்லாமல்தான் இருந்தது.

அப்படியானால் கார் என்னத்துக்கு?

பழைய வாசகர்களுக்கு எங்கள் சிவப்புக் காரைத் தெரியும். அந்தக் காருக்குத்தான் அவர் மாப்பிள்ளை, எனக்கு வெறும் டிரைவர் என்று இங்கே பலமுறை கேலி செய்திருக்கிறேன். அவரும் வாசித்துவிட்டுச் சிரிப்பார்.

ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் கல்யாணத்தை விடப் பழையது. இரண்டு கதவு, இரண்டே இரண்டு ஆசனம். சுவிட்சைத் தட்டினால் முன் லைட் இரண்டும் மூடி திறந்து எழும்பும். நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதற்குள் ஏறுவது என்றால் உண்மையில் இறங்குவதுதான். புத்தளத்து ரோட்டுக்கு இது சரிவருமா என்று கேட்காத ஆளில்லை. "பிள்ளையா குட்டியா எங்களுக்கு? ரெண்டு சீட் போதும்" என்பார். சொல்லும்போது சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. அவர் வேலை செய்ததும் உப்பளத்தில். எங்கள் குழாய்த் தண்ணீரால் கழுவினால் பெயின்டில் வெள்ளை படியும் என்று, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரால் காரைக் கழுவுவார். நாங்கள் சவர்த் தண்ணீரில் குளித்தோம். கார் நல்ல தண்ணீரில் குளித்தது. அதைப் பற்றி இங்கே ஒரு பத்தி முழுக்கப் புலம்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

காலையில் என்னை மதுரங்குளியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் இறக்கிவிடுவார். உப்பளம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். அதைத் தாண்டிப் போய், என்னை இறக்கி, வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரு நாளாவது பஸ்ஸில் போ என்று சொன்னதில்லை. பாடசாலை லீவு என்றால் காருக்கும் லீவு. அவர் மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்.

பகலில் நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார். எங்கள் ஒழுங்கை முனையில், பள்ளிவாசல் மதிலடியில் கியரைக் குறைப்பார். சைலன்சர் இரண்டு தரம் இருமும். பிறகு ஒரு நீண்ட உறுமல். அது கேட்டதும் நான் கேத்தலை அடுப்பில் வைப்பேன். அவர் காரை நிறுத்தி, டயர் நாலையும் சுற்றிப் பார்த்து, பொனட்டை ஒருக்கா தடவிவிட்டு உள்ளே வர, தண்ணீர் கொதித்திருக்கும். இரண்டு பிளேன்டீ. சுவரில் மணிக்கூடு இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு நேரம் சொன்னது அந்த இருமல்தான்.

அந்த நாளும் அப்படித்தான். அஸருக்குப் பிறகு முனையில் கார் இருமியது. நான் கேத்தலை வைத்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டயரைப் பார்க்கும் நேரம் போயிற்று. தண்ணீர் கொதித்தது. ஆளைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் காரடியில் என் தம்பி நவாஸ் நிற்கிறான்... கார்த் திறப்புக் கோர்வையைக் கையில் பொத்திக்கொண்டு, உள்ளே வரத் தெரியாமல்.

உப்பளத்தில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. அதைப் போனில் சொல்ல மனம் வராமல், அங்கே நின்ற காரையே எடுத்துக்கொண்டு நேரில் சொல்ல வந்திருக்கிறான் பாவம். அவனைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் கேத்தல் வைத்த என் கைக்கு யார் பதில் சொல்வது?

அன்றிலிருந்து நவாஸ் அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. எனக்குச் சத்தம் கேட்டுவிடும் என்று பயம். பட்டரி இறங்கிப் போனது. கழுவவும் ஆளில்லை. ஒரு நாள் திரையை விலக்கிப் பார்த்தேன். கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்புளித்து, துரு எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷம் அவர் வாசலில் நிறுத்தி வைத்திருந்த உப்பு, அவர் போனதும் உள்ளே வந்துவிட்டது.

"இத வெச்சி என்ன செய்யப் போறீங்க தாத்தா?" என்றான் நவாஸ். "கண்ணுக்கு முன்னாலயே உக்கிப் போகும். இத்தா முடிஞ்சா ஸ்கூலுக்குப் போகோணும். ஒங்களுக்கு இத ஓடவும் ஏலாது. ஓட்டோ கியர் ஒண்டு எடுப்பம். இத ஆசப்பட்டுக் கேக்கிற ஆள் ஒராள் சிலாபத்தில இரிக்கிறார். நல்லாப் பாத்துக்குவார்."

சரியான கதைதான். எனக்கு லைசன் இருக்கிறது. அந்தக் காரின் இறுகிய கிளச்சை மிதிக்கும் பலம்தான் என் காலுக்கு இல்லை. வைத்திருந்தால் உப்பு தின்னும். கொடுத்தால் அந்தச் சத்தம் போய்விடும். யோசித்து யோசித்து, ஒரு நாள் "சரி, வேற கார் காட்டச் செல்லு" என்றேன்.

நவாஸ் பிடித்து வந்த தரகரின் பெயர் நிமல். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகவே கதைப்பார். ஒரே ஒரு சொல்லில்தான் இடறினார்.

கார்ச் சொந்தக்காரர் மௌத்தாகிவிட்டதை நவாஸ் அவரிடம் போனில் சொல்லிவிட்டு, "தாத்தா வெளிய வர மாட்டாங்க, உள்ளுக்கு இருந்துதான் பாப்பாங்க. தாத்தாக்குப் புடிச்சாத்தான் எடுப்பம்" என்று சேர்த்திருக்கிறான். எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. பாடப் புத்தகத்தில் தாத்தா என்றால் பாட்டன். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். நிமல் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். மகனைப் பறிகொடுத்த ஒரு வயதான தகப்பன் திரைக்குப் பின்னால் எழும்ப முடியாமல் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

இது எனக்கும் தெரியாது, நவாஸுக்கும் தெரியாது. 'தாத்தே' என்று அவர் கூப்பிட்டபோது, நவாஸைப் பார்த்து அவரும் என்னை அக்கா என்கிறார் என்றே நினைத்தேன்.

குரல் காட்டக் கூடாதே? நவாஸும் நானும் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். ஜன்னல் கம்பியில் கரண்டியால் ஒரு தட்டு என்றால் வேண்டாம். இரண்டு தட்டு என்றால் பிடித்திருக்கிறது.

முதல் கார் முனையில் திரும்பும்போதே பால் கேட்கும் ஆட்டுக்குட்டி மாதிரிச் சிணுங்கியது. ஒரு தட்டு. அடுத்தது ஏழு பேர் ஏறும் வேகன். "தாத்தே, பேரப்பிள்ளைகள் எல்லாரையும் ஒரே தடவையில ஏத்தலாம்" என்றார். அதற்கும் ஒரு தட்டுத்தான். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன்.

"பாக்காமலே வேணாங்கிறீங்களே. திரைய நீக்கி ஒருக்காப் பாத்தா என்ன?" என்று நவாஸ் உள்ளே வந்து சலித்துக்கொண்டான்.

நான் பார்க்கவா அங்கே உட்கார்ந்திருந்தேன்? முனையில் ஒவ்வொரு காரும் திரும்பும்போது என் கை கேத்தலைத் தேடுகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தேடவில்லை. தேடாத காரை எப்படி வாங்குவது? சரி, தேடியிருந்தால்... அப்படி ஒரு காரை வாசலில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? புத்தி போன போக்கைப் பார்த்தீர்களா!

சென்ற கிழமை மூன்றாவது கார் வந்தது. வந்ததே எனக்குத் தெரியாது. "கார் வந்திட்டிது தாத்தா" என்று நவாஸ் சொன்ன பிறகுதான் தெரியும். ஹைபிரிட். பட்டரியில் ஊர்ந்து வந்து, ஒரு சொல் பேசாமல் நின்றிருக்கிறது. டொக்டர் ஓடிய கார் இதுதான்.

நிமல் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தார். நான் தட்டவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. கரண்டி மடியில் கிடந்தது.

அவர் ஜன்னலுக்குக் கிட்ட வந்தார். காது கேளாத ஆளோடு கதைப்பதுபோலக் குரலை உயர்த்தினார்.

"தாத்தே, கோவிக்க வேணாம். மகன்ட கார் வாசல்ல நிக்கிது. அதப் பாத்துக்கொண்டு வேற கார் எடுக்க மனசு வருமா? வராது. எடுக்காட்டியும் பரவாயில்ல. நான் பிறகு வாறன். நீங்க நல்லா அழுங்க. அழுதாத் தப்பில்ல தாத்தே."

அப்போதுதான் அவர் யாரை நினைத்துக் கதைக்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

எத்தனை பேர் இந்த வீட்டுக்கு வந்து போனார்கள்! எல்லோரும் சபுர் செய்யச் சொன்னார்கள், பொறுமையாக இரு என்று. நல்லதைத்தான் சொன்னார்கள். காரைப் பற்றி வாய் திறந்தால், "மனுசனே போயிட்டார், கார் என்ன கார்" என்றார்கள். அழு என்று யாரும் சொல்லவில்லை. சொன்னவர் ஒரு கார்த் தரகர். அதுவும் எனக்குச் சொல்லவில்லை, இல்லாத ஒரு கிழவருக்குச் சொன்னார்.

நான் அழுதேன். ஒழுங்கைக்கே கேட்கும்படி வாய்விட்டு அழுதேன்.

கிழவரின் அழுகையை எதிர்பார்த்தவருக்குப் பெண்குரல் கேட்டால் எப்படி இருக்கும்? "கவுத மே? யார் உள்ளுக்கு?" என்று நவாஸிடம் பதறினார்.

"தாத்தா."

"தாத்தாவா?!"

"ஓம், தாத்தாதான்."

இப்படியே விட்டால் மஃரிப் தொழுகை வரைக்கும் விளங்காது என்று, நானே திரைக்குள் இருந்து சொன்னேன்.

"தம்பி, அது மகன் இல்ல. அவர் என்ட மாப்பிள்ள."

எங்கள் பேச்சில் மாப்பிள்ளை என்றால் கணவன். அதையாவது அவர் சரியாக விளங்கிக்கொண்டார்.  பிறகு, "சமாவென்ன நோனா... மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் வேற மாதிரி நெனச்சிட்டன்" என்றார். செருப்புச் சத்தம் கேட் பக்கம் போகத் தொடங்கியது.

நான் கரண்டியை எடுத்துக் கம்பியில் இரண்டு தரம் தட்டினேன்.

நவாஸ் ஓடி வந்தான். "இதுவா? நல்ல வேல தாத்தா. பெற்றோலும் மிச்சம்" என்றான். பெற்றோலுக்காக என்றே நினைத்துக்கொள்ளட்டும். ஆசை வைத்த ஒன்று போனால், அதைப் போலக் கொஞ்சமாவது இருக்கும் இன்னொன்றைத்தானே நாம் எல்லோரும் தேடுகிறோம்? அந்தக் கொஞ்சம்தான் ஆளைக் கொல்லும். எந்த விதத்திலும் அதைப் போல இல்லாத ஒன்றை எடுப்பது நல்லது என்று எனக்குப் பட்டது.

நேற்று முன்தினம், சிவப்புக் காரை ஆசைப்பட்டுக் கேட்ட அந்தச் சிலாபத்து ஆள் அதைக் கொண்டுபோக வந்தார். புதுப் பட்டரியோடு வந்திருந்தார். காருக்குள் கிடந்தவற்றை நவாஸ் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுத் தந்தான். அவருடைய தொப்பி. கண்ணாடி துடைக்கும் துணி. என் சிவப்புப் பேனைகள் இரண்டு. பாதி முடிந்த இஞ்சி டொபி பக்கெட் ஒன்று. அதில் பாதியைத் தின்றது நானா அவரா என்று ஞாபகம் வரவில்லை. அதற்கும் ஒரு பாட்டம் அழுதேன்.

நவாஸ் ஏற்கெனவே திட்டம் போட்டிருந்தான். காரை ஒழுங்கை முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், பெரிய ரோட்டில் வைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவதாம்.

"தள்ள வேணாம்டா. வாசல்ல வெச்சே ஸ்டார்ட் பண்ணச் செல்லு" என்றேன்.

"தாங்குவீங்களா தாத்தா?"

"செல்லு."

முதலில் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. அதே இருமல், அதே உறுமல். கேட்டைத் தாண்டியது. பள்ளிவாசல் மதிலடியால் திரும்பியது. பெரிய ரோட்டில் ஏறியது. மெலிந்து... மெலிந்து... பஸ் சத்தத்துக்குள் போயே போய்விட்டது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமாக அந்தக் கார் வரும் சத்தத்தைத்தான் நான் கேட்டிருக்கிறேன். இந்த வாசலை விட்டுப் போகும் சத்தத்தைக் கேட்டதே இல்லை. போன நேரமெல்லாம் நான் அதற்குள் அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

புதுக் கார் இப்போது அதே இடத்தில் நிற்கிறது. நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது நவாஸ் அதை எடுத்துப் போய் பெற்றோல் அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

நல்லது. அதற்காக யாரும் கேத்தல் வைக்க வேண்டியதில்லை.