வெங்காயத் தோலும் என் வயிற்றெரிச்சலும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் கழுவும் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுநடுவே கசந்தால் அது என் வயிற்றெரிச்சல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். காலை எட்டு மணிக்குக் கீழே கேன்டீனில் வெங்காயம் உரிப்பார். பத்து மணிக்கு மாடிக்கு வந்து எங்கள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவார். இருபது வருடத்தில் அவர் கணக்கில் உடைந்தவை மூன்றே குழாய்கள். அதிலும் ஒன்று நான் முழங்கையால் தட்டிவிட்டது. "என் கைதான் வழுக்கிடுச்சு" என்று அவரே ஏற்றுக்கொண்டார். வீட்டில் கணவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரஷர் மாத்திரையில் ஓடுகிற உடம்பு.

நான் பார்ப்பது ஆன்டிஆக்சிடன்ட் சோதனை. நம் உடம்புக்குள் ஓயாமல் உண்டாகும் சில முரட்டு மூலக்கூறுகள் ரத்தக் குழாயையும் செல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். வருடக்கணக்கில் அது சேர்ந்தால் இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் வழிவிடலாம். காய், கனி, கீரையில் இருக்கும் சில பொருள்கள் அந்த முரடுகளை அடக்குபவை; அவற்றுக்குத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். ஊதாத் திரவத்தில் சாற்றை விட்டு, அரைமணி நேரம் இருட்டு அலமாரியில் வைப்போம். ஊதா எவ்வளவு வெளுத்து மஞ்சளாகிறதோ, அவ்வளவு சரக்கு. பதினோரு வருடமாக என் கருப்புத் திராட்சைதான் முதலிடம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் அக்கா கழுவ எடுத்த குழாயோடு என்னிடம் வந்தார்.

"மேடம், இதுல கொஞ்சம் ஊதா மிச்சம் இருந்துச்சு. வெங்காயம் உரிச்ச கையோட தொட்டேன். வெளுத்துப் போச்சு பாருங்க."

"கையைக் கழுவிட்டு வாங்கக்கா, முதல்ல."

பின்னால் நின்ற எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி, பெரிய மேடம், அதைக் கேட்டுவிட்டார். கேன்டீன் குப்பைத் தொட்டியிலிருந்து வெங்காயத் தோல் வந்தது. சாறு எடுத்தது நான், அளந்தது நான். அரைமணி நேரம் எதற்கு? அலமாரிக் கதவைச் சாத்துவதற்குள் குழாய் மஞ்சளாகி நின்றது. என் திராட்சையின் மூக்கு உடைந்தது.

அதன் பிறகு ஆய்வுக்கூடமே அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அறிவிப்புப் பலகையில் அவர் படம், கையில் ஒரு வெங்காயம். என் படம் அங்கே ஒருநாளும் வந்ததில்லை. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்த வெங்காயம் என்னைப் பார்த்துச் சிரித்தது. பொறாமைதான், வேறென்ன.

அந்த வாரக் கடைசியில் அக்கா தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை போட்டா தலை சுத்துதாம். இந்தத் தோலைக் கொதிக்க வச்சுக் குடுத்துட்டு மாத்திரையை நிறுத்திடலாமா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது கொஞ்சம்தான். குழாய் வேறு, உடம்பு வேறு. தினமும் காய்கறி, பழம் சாப்பிடட்டும், அது நோய் வராமல் காக்க உதவும். வந்துவிட்ட நோய்க்கு மாத்திரையை விடக்கூடாது, தலை சுற்றினால் டாக்டரைப் பாருங்கள். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் தோளுக்கு மேலே அந்தப் படம் தெரிந்தது.

"என்னை ஏன்க்கா கேக்கறீங்க? இப்ப நீங்கதானே பெரிய ஆளு. உங்களுக்குத் தெரியாததா?"

அக்காவுக்குக் குத்தல் புரியாது. முகமெல்லாம் சிரிப்பாக, "அப்போ சரி மேடம்" என்று போனார். கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.

மூன்றாம் வாரம் அக்கா வேலைக்கு வரவில்லை. கணவருக்குப் பிரஷர் ஏறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்றார்கள். கழுவாத குழாய்கள் தொட்டியில் குவிந்தன.

பத்து நாள் கழித்து வந்தவர் முதலில் தொட்டியைத்தான் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்படி இருக்காருக்கா?"

"இடது கையைத் தூக்க வரல மேடம். உயிருக்கு ஒண்ணும் இல்ல." ஒரு குழாயைத் தேய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாருன்னு டாக்டர் சத்தம் போட்டாரு. நானாத்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். நீங்க பயப்படாதீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கழுவிய குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, என் பக்கம் வைத்தார்.

வெட்கமும் அழுகையும் வந்தது உண்மை. ஆனால் அவற்றுக்கும் முன்னால் வந்தது பொறாமை. என்னால் ஒருநாளும் இப்படி இருக்க முடியாதே என்று.