அக்கரையில் எண்ணிய குரல்

மாசாய் நாட்டில் ஓர் ஆணின் உயிர் நாற்பத்தொன்பது மாடு. கொன்றவன் வீட்டார் செத்தவன் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டியது. ஐம்பதும் கிடையாது, நாற்பத்தெட்டும் கிடையாது. மொம்பாசாவில் அப்பாவின் துணிக்கடையில் பேரச் சத்தத்தைக் கேட்டுத் தூங்கி வளர்ந்தவன் நான். எனக்கே அந்த விலையில் கை வைக்கத் துணிச்சல் வந்ததில்லை. ஒருமுறை பெரியவர்களிடம், "பெண் குழந்தைக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கு விலை போட்டவன் இன்னும் பிறக்கவில்லையாம்.

கீழே எழுதியிருப்பது கதை இல்லை. எனக்குக் கதை விற்கத் தெரியும். சிங்கம் பார்க்க வருகிறவர்களை லேண்ட்ரோவரில் ஏற்றிக்கொண்டு இருபது வருடமாக அதைத்தான் விற்கிறேன். இது அந்தச் சரக்கு இல்லை. கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். நம்பாதவர்கள் ஏப்ரல் மழையில் அந்தக் காட்டாற்றங்கரையில் ஓர் இரவு உட்காரட்டும். வண்டி நான் தருகிறேன். கூட வரமாட்டேன்.

அந்த ஏப்ரலில் மழை மூன்று நாளாக விடவில்லை. என்னுடன் வேலை செய்யும் பர்சலோய் சாயங்காலம் ஓடி வந்தான். புல்லில் கிடக்கிற சிறுத்தையின் காதைப் பார்த்தே அதன் வயதைச் சொல்கிறவன். அன்றைக்கு அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"வியாபாரி, வண்டிய எடு. எங்க பட்டிக்குள்ள தண்ணி வந்துடுச்சு. பிள்ளைங்கள அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகணும். நாஷிபாய் ஆட்டை ஓட்டிக்கிட்டு மத்தியானமே போயிட்டா."

நாஷிபாய் அவன் மனைவி. அவர்கள் பிள்ளைகள் நாலு, அண்ணன் பிள்ளைகள் மூணு. கடைக்குட்டி ரெசியாடோவுக்கு ஏழு வயது. என் சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும் என்று தெரிந்தவள்.

சிவப்புப் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் ஏறினார்கள். நான் பழக்க தோஷத்தில் தலைதலையாகத் தொட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு... ஏழு.

பர்சலோய் என் விரலைப் பிடித்து மடக்கினான்.

"பிள்ளைங்கள எண்ணாதய்யா!"

"ஏழு டிக்கெட் போட்டுக் காசு கேக்கவா போறேன்?"

"உங்க கடற்கரை ஆளுங்க தூங்கறதுக்கு முன்னால பல்லைக்கூட எண்ணித்தான் படுப்பீங்க. எங்ககிட்ட வேணாம். மாட்டையும் பிள்ளையையும் சத்தமா எண்ணினா காதுல விழுந்துடும்."

"யார் காதுல?"

"அது தெரியாததாலதான் எண்ணாதேங்கறேன்."

ரெசியாடோ சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆற்றுக்கு இருநூறு அடி இருக்கும்போது வண்டி சேற்றில் இறங்கியது. மணி ஆறு நாற்பது. வெளிச்சம் போய்விட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். வேலமரக் கிளையை வெட்டிச் சக்கரத்துக்குக் கீழே போட்டோம். எங்கேயோ ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது... தனியாக. மழைச் சத்தத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டி எழும்பியது. பிள்ளைகள் பின்னால் ஏறி, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டார்கள். உள்ளே கும்மிருட்டு. நான் டார்ச்சைத் தேடினேன். விரல் தானாக எழுந்தது.

"மறுபடியுமா? விடு. பேரைக் கூப்பிடறேன், அது போதும்."

கூப்பிட்டான். ஒவ்வொரு பெயருக்கும் இருட்டிலிருந்து ஒரு "ஓ..." வந்தது. கடைசியாக, "ரெசியாடோ!"

"ஓ..."

அவள் குரல்தான். சந்தேகமே இல்லை.

ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் கதவின் பாதிவரை வந்தது. பர்சலோய் அவன் கடவுளை வாய்விட்டுக் கூப்பிட்டான், நான் என் கடவுளைக் கூப்பிட்டேன். யார் கேட்டாரோ, கரை ஏறிவிட்டோம். அடுத்த நிமிடம் பின்னால் ஒரு பெரிய மரம், வேரோடு, நாங்கள் வந்த வழியை அடித்துக்கொண்டு போனது.

மேட்டில் நாஷிபாய் லாந்தரோடு நின்றிருந்தாள். தார்ப்பாயைத் தூக்கிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினாள். இறக்கினாள்... இறக்கினாள்... நின்றாள்.

"என் சின்னவ எங்க?"

நான் டார்ச் அடித்தேன். ஆறு பேர்தான்.

"உள்ள இருக்கா. இப்பதானே பேசினா," என்றான் பர்சலோய். "ரெசியாடோ!"

"ஓ..."

வண்டிக்குள்ளிருந்து வந்தது. என் காதுக்கு ஒரு முழம் தள்ளி. டார்ச்சைத் திருப்பினேன். அவள் உட்கார்ந்திருந்த மூலை. பலகை முழுக்கத் தண்ணீர். அங்கே யாரும் இல்லை.

நாஷிபாய் போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

பர்சலோய் ஆற்றில் குதித்தான். இடுப்பளவு போவதற்குள் அவனைப் புரட்டிவிட்டது. கயிறு வீசி இழுத்தேன். மறுபடி குதித்தான். மறுபடி இழுத்தேன். மூன்றாவது முறை அவன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"விடுடா! என் பொண்ணு அங்க தனியா இருக்காடா!"

"நீ செத்தா அவ வந்துடுவாளா? தண்ணி வடியட்டும்."

"அதுவரைக்கும் சிங்கம் காத்திருக்குமாடா?"

வனக்காவல் சாவடிக்கு ரேடியோவில் கூப்பிட்டேன். கரகரவென்ற சத்தம் மட்டும். வண்டி விளக்கை அக்கரைக்குத் திருப்பினேன். மழைக்கோடுகள். பழுப்புத் தண்ணீர். அதற்கு மேல் இருட்டு. ஹாரனை விடாமல் அடித்தேன், மிருகங்கள் ஒதுங்கட்டும் என்று. ஒன்பது மணிக்கு பேட்டரி செத்தது.

மழை நின்றது.

அப்புறம்தான் கேட்டது.

அக்கரையில் ஒரு கழுதைப்புலி ஊளையிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டது. தவளைகளும் நிறுத்தின. ஆறு மட்டும் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில்... ஓர் ஆண் குரல். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எங்கள் கடற்கரைப் பேச்சு. என் பேச்சு.

என் குரல்.

பர்சலோய் இருட்டில் தடவி என் வாயைத் தொட்டுப் பார்த்தான். மூடித்தான் இருந்தது.

"ஏழு... எட்டு..."

அப்படியே என் வாயைப் பொத்தினான்.

"ஒன்பது... பத்து..."

நின்றது.

காத்திருந்தோம்.

"சொல்லு," என்றது குரல். யாரிடமோ.

பதில் கேட்கவில்லை.

மறுபடியும்.

"ஒண்ணு..."

விடியும்வரை அதேதான். பத்தில் நிற்கும். "சொல்லு" என்னும். திரும்ப முதலிலிருந்து தொடங்கும். நாஷிபாய் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் பதினொன்று என்று சொல்லிவிடக் கூடாது... அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது.

கிழக்கு வெளுத்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது. ஓடினோம். நேற்று வண்டி சிக்கிய இடத்துக்குப் பக்கத்தில், ஆள் உயரக் கரையான் புற்று ஒன்று. சுற்றிலும் சேறு. அதன் உச்சியில் ரெசியாடோ ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உயிரோடு.

பர்சலோய் அவள் தலையில் துப்பி ஆசீர்வதித்தான். துடைத்தான், மறுபடி துப்பினான். அழுகையும் சிரிப்புமாக என்னவோ உளறினான். நான் அவளைத் தூக்கினேன். கொட்டும் மழையில் சிக்கியிருந்தவள் போர்வை... காய்ந்திருந்தது. புற்றைச் சுற்றிச் சேற்றில் சிங்கத்தின் தடங்கள். ஓரிடம்வரை வந்திருந்தன. வந்த வேகத்தில் திரும்பியிருந்தன.

"குட்டி கத்திச்சுன்னு இறங்கினேன். நீங்க போயிட்டீங்க," என்றாள். "அப்பா கூப்பிட்டது கேட்டுச்சு. ஓன்னு சொன்னேனே. ரெண்டு தடவை."

அங்கிருந்து எங்கள் மேடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கால் மைல்.

"ராத்திரி தனியா பயப்படலையா?" என்றேன்.

என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"தனியா எங்க இருந்தேன்? நீங்கதான் வந்தீங்களே மாமா. அவங்களையும் கூட்டிட்டு வந்தீங்க."

"யாரை?"

"அவங்கள. சுத்தி உட்கார்ந்திருந்தாங்க. எல்லாரும் நனைஞ்சு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. நீங்க ஒவ்வொருத்தர் தலையையும் தொட்டு எண்ணினீங்க. கை ரொம்பச் சில்லுன்னு இருந்தது. என்கிட்ட வந்ததும் 'சொல்லு'ன்னீங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

"என்ன சொல்லச் சொன்னேன்?"

"என் நம்பரை. எனக்கு நம்பர் கிடையாதுன்னேன். ரெசியாடோ, பர்சலோய் மகள்னு பேரைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னேன். உங்களுக்குக் கோபம் வந்துச்சு. மிட்டாய் கேட்டேன், தரல."

பர்சலோய் என்னைப் பார்த்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து நரோக்கில் டயர் கடை வைத்திருக்கும் கமாவ் என்பவரிடம், பேச்சோடு பேச்சாக அந்த ஆற்றைப் பற்றிச் சொன்னேன். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் வேலையை நிறுத்தினார்.

"அந்தத் துறையிலயா? நான் சின்னப்பையனா இருந்தப்ப சந்தைக்குப் போன லாரிய அங்கதான் வெள்ளம் கொண்டு போச்சு. ஓட்டினவன் உங்க ஊர்க்காரன். கிளம்பறதுக்கு முன்னால ஒவ்வொருத்தர் தலையையும் தொட்டு எண்ணுவான். சரியா இருந்தாத்தான் வண்டிய எடுப்பான். அன்னைக்கு எங்க அம்மாவை இறக்கி விட்டுட்டுத்தான் கிளம்பினான். அவங்க தலையைத் தொட விடலயாம்."

"எத்தனை பேர் போனாங்க?"

கமாவ் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் மெதுவாகத் துடைத்தார்.

"ஓட்டுநரோட உடம்பு மூணாம் நாள் ஒதுங்குச்சு. அவனை விட்டுடு. மத்தவங்க கணக்கைச் சொல்றேன்."

சொன்னார். வியாபாரி வீட்டுப் பிள்ளை நான். அன்றிலிருந்து எத்தனையோ முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். மாறவில்லை.

லாரியோடு போனவர்கள் பதினொன்று.

உடம்பு கிடைத்தவர்கள் பத்து.

பாக்கி ஒன்று.