கணையத்தின் ஒரு துண்டு

மதுரையில் ஒரு புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கணையத்தில் கட்டி வந்து அறுவை செய்துகொண்டவர்களின் திசுவில் ஒரு துண்டை வாங்கி, அதிலுள்ள புரதங்களைப் பிரித்து அளப்பதுதான் எங்கள் ஆய்வு. நோய் யாருக்குச் சீக்கிரம் திரும்பும் என்று அவற்றை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறோம்.

பழனி பக்கம் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த ஒருவரிடம், அறுவைக்கு முந்தின நாள் சம்மதக் கையெழுத்து வாங்க என்னை அனுப்பினார்கள். நான் திண்டுக்கல்காரி, அவர் மாவட்டம்தான் என்று தெரிந்ததும் சிரித்தார்.

"வெட்டிப் போடறதுதானுங்களே, எடுத்துக்கங்க. என்ன தெரிஞ்சாலும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

குப்பிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அவருடைய எண்ணை ஒட்டியவளே நான். சில மாதங்கள் கழித்து முடிவுகள் திரையில் வந்தபோது அவருடைய எண்ணைத்தான் முதலில் தேடினேன். நோய் வேகமாகத் திரும்பி இறந்துபோனவர்களின் கூட்டத்தோடு அந்த எண் நின்றது.

தலைமை ஆய்வாளரிடம் ஓடினேன்.

"இது இன்னும் நிரூபணமாகலம்மா. தப்பாவும் இருக்கலாம். இதை வச்சு ஒரு மனுசன பயமுறுத்தக் கூடாது," என்றார். அவர் சொன்னது சரிதான்.

அந்த வாரக் கடைசியில் திண்டுக்கல் நாகல் நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவள், உடல்நலம் விசாரிக்கும் சாக்கில் பழனி பஸ் ஏறினேன். அவர் புதுக் கன்றுகளுக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் சதை கூடியிருந்தது.

"ஏனுங்க, நம்ம துண்டு என்ன சொல்லுச்சுங்க?"

"இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்ணே." குழியைப் பார்த்தபடி சொன்னேன். "ஸ்கேன மட்டும் தள்ளிப் போட்றாதீங்க. அடுத்த வாரமே வாங்க."

அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பழம் பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் திரும்பினார்.

அந்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. எங்கள் ஆய்வு தப்பாகவே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கடுத்த ஸ்கேனில் கல்லீரல் முழுக்கப் புள்ளிகள்.

காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி போன் செய்தார்.

"நீங்க தோப்புக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"சந்தேகம் இருந்துச்சுக்கா. உறுதியாத் தெரியாது."



"நீங்க பஸ்ஸேறினதும் அவரு சொன்னாருங்க. அந்தப் புள்ளைக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, நீ போன் போட்டுக் கேட்டு அதைச் சங்கடப்படுத்தாதேன்னு."

ஆய்வு இன்னும் நடக்கிறது. கையெழுத்து வாங்க மட்டும் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிட்டேன்.