செந்தில்நாதன் நடத்திய நேபாள யுத்தம்

கடல் கடந்து நாங்கள் குடியேறிய பாயிண்ட் குக்கில் எங்கள் எதிர்வீட்டுச் செந்தில்நாதனுக்கு நேபாள சரித்திரத்தின் மேல் திடீர் பக்தி பிறந்ததற்குக் காரணம் அவருடைய மகள் ஹம்சா. ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை பார்க்கும் பிபேக் தாபா என்ற நேபாளிப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அப்பா சம்மதம் இல்லாமல் செய்துகொள்ள மாட்டாளாம், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டாளாம். செய்தி கேட்ட அன்று மனிதர் நேராக என் வீட்டு சோபாவில் வந்து சாய்ந்தார்.

“சார், மாம்பலத்துல எங்க தெருவுக்கு ராத்திரி விசில் ஊதிக்கிட்டு ஒரு கூர்க்கா வருவான். மாசம் பொறந்தா கேட்டுல வந்து நிப்பான். அடுத்த மாசம் வான்னு சொல்லி அனுப்புவோம். இப்ப அவங்க வீட்டுக்கே பொண்ணு குடுக்கணுமாம்.”

பையன் நர்ஸ் என்றேன். அந்த நாட்டிலும் டாக்டர், வாத்தியார் எல்லாம் உண்டு என்றேன். காதிலேயே வாங்கவில்லை. அவரைப் பொறுத்தவரை நேபாளத்தில் பிறக்கும் குழந்தை விசிலோடுதான் பிறக்கும்.

செந்தில்நாதன் ஐ.டி.யில் ப்ராஜெக்ட் மேனேஜர். எதையும் ஆராயாமல் விடமாட்டார், முக்கியமாக ஆராயத் தேவையில்லாததை. யூடியூபே கதி என்று கிடந்து, 1814ல் ஆங்கிலேயருக்கும் நேபாளத்துக்கும் மூண்ட யுத்தத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். அமர் சிங் தாபா என்று ஒரு தளபதி, பீம்சேன் தாபா என்று ஒரு பிரதம மந்திரி. இவரும் தாபா, அவரும் தாபா, ஆகவே மாப்பிள்ளை தளபதி வம்சம் என்று முடிவு கட்டியாயிற்று. அந்தக் கணக்கில் பார்த்தால் ஊரிலுள்ள செந்தில்நாதன்கள் எல்லோரும் சூரபத்மனை வதம் செய்தவர்கள்தான்.

அதைவிடப் பெரிய புதையல் கில்லெஸ்பி. வேலூர்க் கோட்டையில் நம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆற்காட்டிலிருந்து குதிரையில் வந்து அடக்கிய அதே வெள்ளைக்காரத் துரை, எட்டு வருஷம் கழித்து நாலாபானிக் கோட்டையைப் பிடிக்கப் போய் நேபாளிகளின் குண்டடிபட்டுச் செத்தாராம்.

“வேலூருக்குப் பழி வாங்கினது யாரு சார்? நம்ம சம்பந்தி வீட்டுக்காரங்க,” என்றார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய சம்பந்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பாவும் அம்மாவும் நகரத்தின் மறுகோடியிலுள்ள ஸ்பிரிங்வேலிலிருந்து வந்தார்கள். நம்ம பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அப்பா நர பகதூர் ஒடிசலான மனிதர், அதிகம் பேசவில்லை. செந்தில்நாதன் ஆங்கிலத்தில் யுத்தத்தைத் தொடங்கினார். கேசரி வந்தது, வெள்ளைக்காரத் தளபதி ஆக்டர்லோனி பீரங்கிகளை மலைமேல் ஏற்றினான். பஜ்ஜி வந்தது, அமர் சிங் தாபா பணிந்தார். காப்பி ஆறுவதற்குள் சுகௌலி உடன்படிக்கையில் நேபாளத்தின் மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது. பெண் கேட்க வந்த வீட்டில் சொந்த நாட்டுத் தோல்வியைக் கேசரியோடு விழுங்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

“நீங்கள் தளபதி பரம்பரைதானே?” என்று முடித்தார்.

“அதெல்லாம் தெரியாது சார்,” என்று நர பகதூரும் ஆங்கிலத்திலேயே சிரித்தார். “பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. எப்போது தேதி வைக்கலாம்?”

இவ்வளவு பெரிய யுத்தம் நடத்தியவருக்கு இந்த ஒரு கேள்விக்குத் தெம்பில்லை. மனைவி வேதவல்லியின் பக்கம் சாய்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி தமிழில் ரகசியம் பேசினார். “தளபதியோ கிளபதியோ, மாம்பலத்துல கூர்க்கா வீட்டுச் சம்பந்தம்னுதான் சிரிப்பாங்க. அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லி அனுப்பிடலாம்.”

வெளிநாட்டில் நம்மவர்களுக்குத் தமிழ் என்பது கதவு சாத்திய அறை. உள்ளே என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஹம்சா “அப்பா” என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

நர பகதூர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்கப்பா கோடம்பாக்கத்துல கூர்க்கா சார்,” என்றார், அசல் மெட்ராஸ் தமிழில். “நான் பத்தாவது வரைக்கும் அங்கதான் படிச்சேன். மாசம் பொறந்தா அப்பாகூட வீடு வீடா போவேன். எல்லா வீட்லயும் இதேதான் சொல்வாங்க.” மனைவியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுந்தார். “பரவால்ல, அடுத்த மாசமே வர்றோம் சார்.”

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஹம்சா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் செந்தில்நாதன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினால், மனிதர் அந்தக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க ஹம்சா அவரோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு காலை வெற்றிலை, தேங்காய், பழத்தோடு ஒரு தட்டை ஏந்திக்கொண்டு என் கார் அருகே வந்து நின்றார். தட்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், நீங்கள் ஓட்டுங்கள் என்றார். வெஸ்ட்கேட் பாலம் தாண்டி ஸ்பிரிங்வேல் போய்ச் சேரும்வரை ஆக்டர்லோனி பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

பெல்லை அழுத்திவிட்டு, தட்டோடு வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தலாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தவர் வீட்டு வாசலில் இப்படி நின்று அவருக்குப் பழக்கமில்லை.

கதவைத் திறந்தது நர பகதூர்தான்.

“தப்பாப் பேசிட்டேங்க,” என்றார் செந்தில்நாதன். தட்டை நீட்டினார். “பொண்ணு குடுக்க வந்திருக்கேன். இல்லேன்னு சொல்லிடாதீங்க.”

நர பகதூர் தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“அடுத்த மாசம் வான்னு சொல்ல எங்க வீட்ல யாருக்கும் வராது சார்,” என்றார். “உள்ள வாங்க.”