பால்சுறா புட்டு

என் மகள் குடிக்கும் பாலில் பூச்சிமருந்து எவ்வளவு இருக்கிறது? அவளுக்கு எட்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டுக்கு வந்ததுமே, எனக்குப் பால் போதவில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அப்பா ஊரிலிருந்து பஸ் பிடித்து, புத்தூர் மீன் மார்க்கெட்டில் இறங்கி, பால்சுறா வாங்கி வருவார். கொள்ளிடம் கடலில் கலக்கும் கழிமுகத்து மீன் என்று பெருமையாகச் சொல்வார். மாமியார் அதை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்வார். தட்டு காலியாகும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

"பூண்ட ஒதுக்காத. உனக்கா போடுறேன்? என் பேத்திக்குப் போடுறேன்."

போன மாதம், பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு போனில் ஒரு கட்டுரை படித்தேன். வயலில் தெளிக்கும் சில மருந்துகள் ஆற்றோடு போய்க் கழிமுகச் சேற்றில் தங்கிவிடுகின்றன. அங்கிருந்து புழுவுக்கு, நண்டுக்கு, சின்ன மீனுக்கு, அதைத் தின்னும் சுறாவுக்கு. கொழுப்பில் சேர்ந்தால் எளிதில் போகாது. மனித உடம்பிலும் அப்படித்தான். அது வெளியேற இருக்கும் சில வழிகளில் தாய்ப்பாலும் ஒன்று. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். பாப்பா குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு அப்பாவிடம் கேட்டேன். எங்கள் வயல் கொள்ளிடக் கரையில்தான் இருக்கிறது.

"நீங்க அடிக்கிற மருந்தெல்லாம் எங்கப்பா போகுது?"

"அது எங்க நிக்குது? ஒரு மழ பேஞ்சா வாய்க்கா, கொள்ளிடம், நேரா கடல்தான். நம்ம கிணத்துத் தண்ணிய நீ தைரியமா குடிக்கலாம்."

"அடிக்காம இருக்க முடியாதா?"

"அடிக்கலன்னா பூச்சி தின்னுட்டுப் போயிடும். அப்புறம் உனக்குச் சுறா எத வித்து வாங்குறது?" என்று சிரித்தார்.

அவர் நீட்டிய ஈரப்பையை வாங்கிக்கொண்டேன். அன்றும் சாப்பிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். "சுறாவ விட்டுடுங்க. பால மட்டும் நிறுத்தாதீங்கம்மா, அதுக்கு ஈடு எதுவுமில்ல."

"இத்தன மாசம் சாப்பிட்டது?"

"அத எடுக்க மருந்து கெடையாது. நெனச்சு நெனச்சு உடம்பக் கெடுத்துக்காதீங்க."

சுறாவை விட்டுவிட்டேன். மாமியார் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஒரு பால்பவுடர் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. கரைக்கும் தண்ணீரும் ஆற்றிலிருந்துதானே வருகிறது. டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவள் அழும்போது எடுத்து மார்பில் போட என் கை தயங்குகிறது.

இப்படித் தயங்கிய அம்மாக்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நிறுத்தினீர்களா, தொடர்ந்து கொடுத்தீர்களா? கொடுத்தீர்கள் என்றால், மனதை எப்படித் தேற்றிக்கொண்டு கொடுத்தீர்கள்?